வயரைப் பிடுங்கும் பஸ்லினா

மதலேனா மிளகு மூட்டையின் எடையைக் கணினியில் பதிந்துகொண்டிருக்கும்போதே, பஸ்லினா மேசைக்கடியில் குனிந்து இணைய வயரைப் பிடுங்கினார்.

"ஐயோ மிஸ், சொல்லிட்டுச் செய்யுங்களேன்!" என்று பதறினார் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் மதலேனா.

"கடுகண்ணாவைப் பக்கம் இடி விழுந்து லைன் போறப்ப சொல்லிட்டா போகுது?"

கண்டியில் மிளகும் கராம்பும் ஏற்றுமதி செய்யும் கம்பனியொன்றின் மென்பொருள் பிரிவுக்குப் பஸ்லினாதான் தலைவி. கொள்வனவுக்கும் இருப்புக்கும் வேண்டிய செயலிகள் அத்தனையையும் ஒரே மென்பொருள் தளத்தில் கட்டியெழுப்பியவர். இப்போது போட்டிக்கு இன்னொரு தளம் வந்திருக்கிறது. உடன் வேலைசெய்யும் ஜனார்த்தனனுக்கு அது கைவந்தது. எது வேண்டும் என்று பஸ்லினாவே ஒப்பிட்டுச் சொல்லவேண்டும். புதியது வென்றால் பிரிவு ஜனார்த்தனனிடம் போகும். பஸ்லினா அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும்.

விற்க வருபவர்கள் காட்டும் வண்ணப் படங்களை அவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. "ஏசி ரூம்ல எல்லாமே வடிவாத்தான் ஓடும். எங்கட ஸ்டோருக்கு வரட்டும்" என்பார். சோதனைக்காகப் பதியும் பொய் வியாபாரிகளுக்குத் தன் மச்சிமாரின் பெயர்களையே வைப்பார். அந்த மச்சிமாரின் சரக்கைத் தரமில்லை என்று திருப்பி அனுப்பும்போது மட்டும் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடும்.

அன்று வயரை மீண்டும் செருகியபோது மதலேனா இரண்டு தளங்களிலும் பதிந்திருந்த மூட்டைகள் அப்படியே இருந்தன. சமம் என்றால் பழையதே நிலைக்கும்.

அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜனார்த்தனன் குறுக்கிட்டார். "கோவிச்சுக்காதீங்க மிஸ். பழையதுல மதலேனாக்கா ஒவ்வொரு மூட்டைக்கும் சேவ் பட்டனைத் தட்டுறாங்க. புதுசுல தட்டவே இல்ல."

"மிஸ் பழக்கினதுதானே! தட்டாட்டி என்ன ஏச்சு ஏசுவாங்க" என்றார் மதலேனா. "புதுசுல அந்தப் பட்டனே இல்லையே, தானாவே சேவ் ஆகுது."

பழைய தளத்தின் குறையைப் பஸ்லினா ஊழியர்களின் விரல்களில் சரிசெய்திருந்தார். சரிசெய்ததை அவரே மறந்துவிட்டிருந்தார்.

"இப்ப தட்டாமப் போடுங்க."

மதலேனா ஆட்காட்டி விரலை மடக்கிக்கொண்டு பதிந்தார். வயர் கழன்றது, மீண்டும் ஏறியது. புதியதில் எல்லாம் இருந்தன; பழைய தளத்தில் ஒரு மூட்டைகூட இல்லை.

"இன்னொரு தடவை பார்ப்போமா மிஸ்?" ஜனார்த்தனனின் குரல் இறங்கியிருந்தது.

"ஸ்டோர்ல ஒருக்காப் போனாலே போனதுதான்."

பஸ்லினா எழுந்தார். தன் கதிரையை ஜனார்த்தனன் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு மிளகு மூட்டையை இழுத்துப் போட்டு அவருக்கு அருகில் உட்கார்ந்தார்.