பழைய வண்டியின் இன்ஷூரன்ஸ்

சிநேகிதர்களுக்கு, இன்று தென்காசியில் நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

ஆனியில் நான் வாங்கிய பழைய டாக்சியின் இன்ஷூரன்ஸை என் பெயருக்கு மாற்ற ஏஜென்ட் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எனக்கு வண்டி விற்றவரின் மனைவி.

விற்ற கையோடு அவர் கணவர் வேறொரு கார் வாங்கி, குற்றாலம் சீசனுக்கு ஓட்டினார். ஆடி பிறந்ததும் புளியறை மலைப்பாதையில் அது உருண்டு, அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு இந்த அம்மாள் வந்திருக்கிறார்.

ஏஜென்ட் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பழைய வண்டி நம்பர்தான் இருக்கும்மா. வண்டிய மாத்துனதும் கம்பெனிக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கணும்லா? புது வண்டிக்கு ஒண்ணும் கிடைக்காது."

"சாரல் நேரம், ஓட்டம் சாஸ்தி. முடிஞ்ச பொறவு எழுதுதேன்னு சொன்னாக" என்றார் அந்த அம்மாள்.

ஏஜென்ட் என்னைக் காட்டினார். "பழைய வண்டி இவுககிட்ட இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டா இவுக பேருக்கு மாத்திரலாம்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பிழைப்பும் அந்த வண்டிதான்.

அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "வண்டி நல்லா ஓடுதா அண்ணாச்சி?"

"ஓடுது" என்றேன். வீட்டில் கொண்டுவிடட்டுமா என்று கேட்டேன். நடந்தே போய்விட்டார்.

வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்? தோன்றினால் ஒரு கார்டு போடுங்கள். சவாரியோடு குற்றாலம் வந்து சேர்ந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.