மணி அடிக்காத நாளில் ஓர் அடக்கம்

அவன் செத்துப்போன செய்தி எனக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. துறைமுகத்தில் சரக்குகளுக்கு கிளியரிங் பார்க்கும் அலுவலகம் எங்களுடையது. அவன் கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். வந்துபோகும் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்த்துக் குறிக்கிற வேலை. செய்திக்குக் கீழே எல்லோரும் கைகூப்புகிற படத்தைப் போட்டார்கள். ஒருவர் மட்டும், "இனியாவது தொண்டைக்கு ரெஸ்ட் கிடைக்கட்டும்" என்று எழுதினார். அதற்கு ஐந்தாறு பேர் சிரித்திருந்தார்கள். நான் குழுவை விட்டு வெளியேறினேன். பிறகு மேனேஜர் என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டார், வேலைக்கு அது வேண்டுமாம்.

யார்டுக்கு வெளியே அவன் ஹெவி மெட்டல் பாடகன். தூத்துக்குடியில் ஹெவி மெட்டலா என்று கேட்டால், ஆமாம், வாசிக்க நாலு பேர் இருந்தார்கள். கேட்க அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தோம்.

நான் முதலில் அவனைக் கேட்டது இந்த ஊர்க் கல்லூரி விழா ஒன்றில். இரண்டாவது பாட்டின் நடுவிலேயே பிரின்சிபால் மேடைக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். கிடார் அடங்கியது, மைக் அடங்கியது. அவன் அடங்கவில்லை. வெறும் தொண்டையில் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினான். கடைசி வரிசையில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அடிவயிற்றிலிருந்து உறுமுகிற பாட்டு என்பதால் அவன் பாடுவது எந்த மொழி என்றே பலருக்குத் தெரியாது. பழகின காதுக்குத் தெரியும். அவ்வளவும் அவன் தெருவில் பேசுகிற தமிழ்.

எங்களுக்குள் வேறொன்றும் இல்லை. ஆற்றங்கரை வயற்காட்டு ஊரிலிருந்து வேலைக்கு வந்தவள் நான், அவன் கடற்கரைக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. துறைமுக கேட் டீக்கடையில் பார்த்தால், "புதுசு ஒண்ணு இருக்கு, கேக்கியளா?" என்பான். போனுக்கு அனுப்புவான். கேட்டுவிட்டு எது நன்றாக இருக்கிறது, எது தண்டம் என்று சொல்வேன். தண்டம் என்றால் இரண்டு நாள் பேசமாட்டான்.

அதில் ஒரு பாட்டுக்கு நான் ஒரு குறையும் சொன்னதில்லை. சின்ன வயதில் அவன் கோயில் பாடகர் குழுவில் இருந்தான். குழுவை நடத்தியவள் அவன் அக்கா. அவனுக்குக் குரல் உடைந்த வருடம், திருவிழாப் பூசையில் ஒரு வரி பிசிறிவிட்டது. அக்கா பாட்டை நிறுத்தாமலே அவன் தோளைப் பிடித்து, முழுக் கோயிலும் பார்க்க வெளியே தள்ளினாள். முதல் பெஞ்சில் இருந்த அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பாட்டு அந்த அம்மாவுக்கு எழுதியது. "மொதப் பெஞ்சுல இருந்தவளே, தலையத் தூக்கிப் பாருளா, நீ பெத்த சத்தம் நிக்கேன்." பெற்றவளையே, தெருவில் சின்னப் பெண்களை அதட்டுகிற மாதிரி 'ஏளா', 'ளா' போட்டுக் கூப்பிடும் பாட்டு. அதைப் பாடும்போது அவன் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

அவனுக்கு மஞ்சள்காமாலை முற்றி ஈரல் கெட்டுப்போனபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனோடு வாசிக்கும் டிரம்ஸ்காரனும் இருந்தான். படுக்கையில் கிடந்தவனுக்குக் குரல் காற்றாகத்தான் வந்தது. "என்னத் தூக்கும்போது அந்தப் பாட்டு ஓடணும். குழி வரைக்கும். வீட்டுல விடமாட்டாவ. நீங்க ரெண்டு பேரும் விட்ராதீய." நாங்கள் தலையாட்டினோம்.

அவன் இறந்தது பெரிய வியாழன் சாயங்காலம், புனித வெள்ளிக்கு முந்தின நாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது டிரம்ஸ்காரன் ஒரு மினி லாரியில் ஆளுயர ஸ்பீக்கர்களோடு தெருமுனையில் நின்றான். அந்தத் தெருவில் சாவு என்றால் பேண்டு வாத்தியம் இல்லாமல் யாரையும் எடுக்கமாட்டார்கள். குடித்தே செத்தவனுக்கும் உண்டு, கடலில் காணாமல் போனவனின் வெறும் பெட்டிக்கும் உண்டு. அன்று வாத்தியக்காரர் ஒருவரையும் காணோம்.

சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில் உபதேசியார்தான் விளக்கினார். "நேத்தோட மணி நிறுத்தியாச்சும்மா. நாளைக்கு ராத்திரி ஆண்டவரு உயிர்க்குத வரைக்கும் மணி கெடையாது, பாட்டு கெடையாது, வாத்தியம் கெடையாது. இன்னைக்குப் பூசையும் வைக்க முடியாது. செபம் சொல்லி அடக்கலாம், அம்புட்டுதான்."

"அப்ப திங்கக்கிழமை வரைக்கும் ஐஸ் பெட்டியில வைக்கலாமே?" என்றேன். வாசலில் நின்ற அவன் அக்காவிடம்தான் கேட்டேன். அவர்கள் அப்பா இறந்தபோது, கப்பலில் இருந்த பெரிய மகன் வந்து சேரும் வரை அப்படி வைத்திருந்தார்கள். அவனே சொல்லியிருக்கிறான்.

"அது அப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு?"

"ரசிகை."

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, "இப்ப அதுக்குப் பேரு அப்பிடியாக்கும்?" என்றாள். சாவு வீட்டில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இன்னைக்கே எடுக்கோம். சத்தம் கித்தம் ஒண்ணும் கூடாது. உங்க ஆளுககிட்டச் சொல்லிருங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

சண்டாளி என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன், டிரம்ஸ்காரனிடம். ஸ்பீக்கரைப் போட்டுவிடலாமா என்று அவன் கேட்டான். அவன் கேட்டதோடு சரி. தெருவே வாசலில் நின்றது. நாங்கள் இரண்டு பேர். ஸ்பீக்கர்கள் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினான்.

உச்சி வெயிலில் எடுத்தார்கள். உபதேசியார் முன்னால் நடந்தார். மணிக்குப் பதிலாக அவர் கையில் மரக்கட்டை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் 'டக் டக்' என்று தட்டுவார். கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதைத் தவிர செருப்புச் சத்தம்தான். வாழ்நாள் முழுக்க சத்தம் போடாதே என்று திட்டு வாங்கியவனை அப்படிக் கொண்டுபோனார்கள். கல்லறைத் தோட்டத்தில் செபம் சொல்லும்போது டிரம்ஸ்காரனின் விரல்கள் தொடையில் அந்தப் பாட்டைத் தட்டிக்கொண்டிருந்தன. அக்கா திரும்பிப் பார்த்தாள். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். மண்ணைத் தள்ளினார்கள். ஒரு பிடி போட எனக்கு இடம் கிடைக்கவில்லை, யாரும் விலகவில்லை.

ஏழாம் நாள் பூசைக்கு நான் மட்டும் போனேன். அதற்குள் மணி வந்துவிட்டது, பாட்டு வந்துவிட்டது. அக்கா கீபோர்டில் உட்கார்ந்து அவனுக்காகப் பாடினாள். நன்றாகவே பாடினாள், அதுதான் எரிச்சல். அவன் அம்மா முதல் பெஞ்சில் இருந்தாள்.

நான் பூசை பார்க்கப் போகவில்லை. அந்த அம்மாவிடம் பாட்டைப் போட்டுக்காட்டி, உங்கள் மகன் கத்தியது இங்கிலீஷ் இல்லை, உங்களைத்தான் பாடினான் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று போனேன். அழட்டும் என்றுதான் போனேன். மகனுக்குக் கிடைக்காத பாட்டு அவளுக்காவது கிடைக்கட்டும்.

பூசை முடிந்து அம்மா கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே கேட்டாள். "நீதான அவன் பாட்டெல்லாம் கேக்கவ?"

"ஆமாம்மா. ஒண்ணு போடட்டா?"

இயர்போனை அவளே வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். பாட்டு முழுக்க ஓடியது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முடிந்ததும் நான் தயாராக வைத்திருந்ததைக் கேட்டேன். "என்ன பாடுதாருன்னு தெரியுதாம்மா?"

"மொதப் பெஞ்சுல இருந்தவளே, தலையத் தூக்கிப் பாருளா" என்றாள் அவள். செபம் சொல்கிற குரலில், ராகம் இல்லாமல், அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று ஒன்று விடாமல் முழுப் பாட்டையும் சொன்னாள்.

"மாடியில நின்னு பாடிப் பாப்பான். நான் கீழ அடுப்படியில கேப்பேன். இத மட்டுமா, எல்லாந்தான் கேட்டிருக்கேன். அன்னைக்கு நான் தலையத் தூக்கலதான். அவன் பொய் சொல்லல."

நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"அவன் பாட்ட வச்சு எடுக்கச் சொன்னது எனக்குத் தெரியும்ளா. ஆஸ்பத்திரியில கதவுக்கு வெளியதான இருந்தேன். ஊரே கூடி நிக்கையில என்னய ஏளான்னு கூப்புட்டுக்கிட்டே போணுமாக்கும் அவன்? அக்காக்காரி திங்கக்கிழமன்னுதான் நின்னா. வாத்தியம் வச்சு நல்லபடியா எடுப்போம்னு அழுதா. நான்தான் இன்னைக்கேன்னு சொல்லிட்டேன். பழிய அவ வாங்கிக்கிட்டா."

இயர்போனை முந்தானையில் துடைத்து, வயரைச் சுற்றி, என் கையில் கொடுத்தாள். "நல்ல தொண்ட அவனுக்கு" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இந்த ஊரில் அவனை ஒரு சொல் விடாமல் கேட்டவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடம் திமிரில் இருந்தேன். என்னைவிட நன்றாகக் கேட்டவள் அவன் வீட்டு அடுப்படியிலேயே இருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான், மணி அடிக்கிற நாள் வரை பொறுக்காமல் அவனைப் புதைத்திருக்கிறாள்.