ஆறரை மணிக்குப் பேசினாள்

என் மனைவி ஸ்டெல்லா என்னோடு பேசி மூன்று நாளாகியிருந்தது. தப்பு என்னுடையதுதான். அவள் அண்ணன் வீட்டு விசேஷத்தில், அவள் கண்ணை மூடி ஜெபிப்பதை எல்லார் முன்னாலும் நடித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. சங்கராபுரத்தில் உரக்கடை வைத்திருக்கிற எனக்கு வியாபாரத்தைவிட இந்த வேலைதான் நன்றாக வரும்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு எழுந்து சமையலறைக்குப் போனேன். ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து வாயைக் கோணி அழகு காட்டினாள். கோபம் தீர்ந்தது என்ற சந்தோஷத்தில் நானும் பதிலுக்கு அழகு காட்டினேன். அப்புறம்தான் அவள் வலது கை துவண்டு தொங்குவதைப் பார்த்தேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். பஸ் இல்லை. ஆட்டோவில் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினோம். வழியில் இரண்டு இடத்தில் ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார்கள். "வுடு, வுடு, ஒடம்பு முடியாத பொம்பள" என்று வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரப் பத்து மணியாகிவிட்டது.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பக்கவாதம் என்றார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு.

"அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். லேட்டாப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியற ஆபத்து ஜாஸ்தி. கடைசியா எப்ப நல்லாப் பேசினாங்க?"

"மூணு நாளு முன்னாடிங்க."

"என்ன சொல்றீங்க?"

"எங்கூடப் பேசறதில்லைங்க."

'ஏழு மணிக்கு' என்று வாய்வரைக்கும் வந்தது. ஆயுசு முழுக்கப் புளுகினவனுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தப் புளுகு மருந்தோடு சேர்ந்து அவள் மூளைக்குள் போகும். "தெரியலைங்க" என்றேன்.

"நேரம் தெரியாம போட முடியாது" என்றார்.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். 'ஆண்டவரே, இவ குரலக் கேட்ட ஒரு ஆளக் காட்டு.' அவ்வளவுதான் எனக்கு ஜெபிக்கத் தெரிந்தது.

அவள் பையில் போன் அடித்தது. ரெஜினா. எங்கள் சபைப் பெண்கள் விடிகாலையிலிருந்து ஆளுக்கு அரைமணி நேரம் ஜெபிப்பார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்குப் போன் செய்து ஒப்படைக்க வேண்டும். ஸ்டெல்லாவுக்கு அடுத்தது ரெஜினா.

"இன்னாண்ணா, அக்கா இல்ல? மறியலாமே, சாயங்காலம் ஜெபக் கூட்டம் இருக்கான்னு கேக்கலாம்னு..."

"இன்னிக்கு ஒனக்குப் போன் பண்ணாளா?"

"கரெக்டா ஆறரைக்குப் பண்ணாங்க. பத்து நிமிஷம் பேசிக்கினு இருந்தாங்க. 'அந்தாளுக்கும் சேத்து ஜெபம் பண்ணு, நான் பண்ணி அலுத்துட்டேன்'னாங்க."

"வாய் குழறிச்சா?"

"ஒங்களத் திட்டறதுல அக்காவுக்கு என்னிக்குண்ணா குழறிச்சு?"

நான் கேலி செய்த அதே ஜெபத்தில்தான், நான் கேட்பதற்கு முன்பே எனக்குப் பதில் தயாராக இருந்தது.

டாக்டரம்மா ஸ்டெல்லாவின் போனில் அந்த ஆறரை மணி அழைப்பைப் பார்த்தார். "நேரத்துக்குப் போட்டாலும் சில பேருக்குக் கசியும். தெரிஞ்சுதானே கையெழுத்து போடறீங்க?" போட்டேன்.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வாந்தியெடுத்தாள். நிறுத்திவிட்டு மறுபடி ஸ்கேனுக்கு ஓடினார்கள். சின்னதாகக் கசிந்திருந்தது. கர்த்தர் காப்பாற்றினார் என்னும்போது இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். கசிவு பெரிதாகவில்லை. கை அசைந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

நாட்கள் போயின. கட்டிலருகே நர்சை நடித்தேன், டாக்டரம்மாவை நடித்தேன், என்னையே நடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு திட்டுக்காக ஏங்கினேன். சரக்கெல்லாம் தீர்ந்துபோய், ஒரு மத்தியானம் மண்டியிட்டுக் கண்ணை மூடினேன். அவளுக்காக, ரெஜினாவுக்காக, ரோட்டில் எழுந்து வழிவிட்டவர்களுக்காக, உரக்கடைக்காக... எப்படி முடிப்பதென்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போனேன்.

"போதும்யா."

ஸ்தோத்திரம் சொல்லக்கூட மறந்து அழுதேன்.

இன்றும் அவளுக்குப் பாதி வார்த்தைகள் வருவதில்லை. அவளுடைய ஆறு மணி முறையை நான்தான் பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, நான் அளக்க ஆரம்பித்தால் தொடையில் கிள்ளுகிறாள். ஒரு கேலிக்காரனின் ஒருவரி ஜெபத்தைக் கேட்டவர் உங்களுடையதைத் தள்ளமாட்டார். நம்பிக் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது பேசாமலிருந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டுக் கேளுங்கள்.

தினமும் ஆறரைக்கு ரெஜினாவுக்குப் போன் போட்டதும், அதை முதலில் ஸ்டெல்லாவின் வாயருகே பிடிக்கிறேன். அந்தப் பக்கம் ரெஜினாவும் பேசாமல் காத்திருக்கிறாள்.