அர்த்தம் கேட்டால் ‘செழிப்பு’

போர்டுக் கடையில் வேலை பார்க்கிறவன் எழுத்தைப் பார்த்தால் போதும், அர்த்தத்தைப் பார்க்கப் போனால் வேலை போய்விடும். எனக்கு அன்றைக்குப் போகத்தான் பார்த்தது. எட்டடி போர்டு லோடு ஆட்டோவில் ஏறியாச்சு. டிரைவர் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். போர்டுக்குச் சொந்தக்காரியான கல்லிடைக்குறிச்சி கோமதி அக்கா என்னைப் பார்த்துக் கேட்கிறாள்: “தம்பி, இந்த இங்கிலீஷ் பேருக்கு என்னப்பா அர்த்தம்?” அவளுக்குப் பின்னால் நின்று எங்கள் முதலாளி அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறார்.

பிளஸ் டூவில் நான் இங்கிலீஷில் பெயில். திரும்ப எழுத மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். “ஒரு வேலையில ஆறு மாசம் நின்னு காட்டு, இல்லன்னா திருப்பூர்ல மாமா கம்பெனிக்குப் போயிரு” என்று அம்மா கெடு வைத்திருந்தாள். ஊரை விட்டுப் போக எனக்கு இஷ்டமே இல்லை. அன்றைக்கு ஐந்தாவது மாசம் நடக்கிறது. கடையில் நின்று பிழைக்கிற உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கும். எனக்கு எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மூணெழுத்து பார்லர்

எங்கள் கடை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம். ரெண்டு கடை தள்ளி ஒரு எண்கணித ஜோசியர் இருக்கிறார். அவர் துண்டுச் சீட்டு எழுதி ஆள் அனுப்புவார். இந்தந்த இங்கிலீஷ் எழுத்து இருக்கணும், நாலெழுத்துக்கு மேல் போகக்கூடாது, எழுத்துக்குள்ள எண்களைக் கூட்டினால் இவ்வளவு வரணும். அந்த எழுத்துகளைப் போனில் தட்டி, வருகிற சின்ன வார்த்தைகளை எழுதிக் கொடுப்பது நான். சத்தம் நன்றாக இருக்கிற ஒன்றை அண்ணாச்சி டிக் அடிப்பார். அர்த்தத்தை ஒருத்தரும் பார்ப்பதில்லை.

நான் சேர்ந்த முதல் வாரம், பாளையங்கோட்டையில் அழகு நிலையம் திறக்கப் போகிற ஒரு அம்மா வந்தார். இசட், ஐ, டி மூன்றும் வேண்டும், கூட்டினால் மூணு. ‘ஜிட்’ என்று வந்தது. “வெளிநாட்டுப் பேரு மாதிரி ஜம்முனு இருக்குல்லா” என்றார் அண்ணாச்சி. நான் சும்மா இருக்காமல் போனிலேயே டிக்‌ஷனரியைப் பார்த்து, “முகப்பருன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா சீட்டை மடித்துப் பைக்குள் போட்டார். “பருவைப் போக்கத்தான் கடை தொறக்கேன், அதை நானே வாசல்ல தூக்கி மாட்டணுமாக்கும்?”

உவரி மீன் வண்டி

அந்த ஆர்டர் போன கையோடு அண்ணாச்சி ஒரு சட்டம் போட்டார். “இனிமே எவன் அர்த்தம் கேட்டாலும் ‘செழிப்பு’ன்னு சொல்லு. செழிப்பு வேண்டாம்னு எவனாவது சொல்லுவானாலே?”

சரி, சொன்னேன். உவரியிலிருந்து மீன் ஏற்றி வருகிற வின்சென்ட் அண்ணன் கேட்டதற்கு ஜோசியமெல்லாம் கிடையாது. அவர் பேருக்கு ஒரு ‘வி’, அவர் சம்சாரம் சேவியரம்மாளுக்கு ஒரு ‘எக்ஸ்’, ரெண்டும் சேர்ந்த குட்டி வார்த்தையாக வண்டிக் கண்ணாடியில் ஒட்டணும். ‘வெக்ஸ்’ ஒட்டினோம். அர்த்தம் கேட்டார். செழிப்பு என்றேன். மனுஷன் குளிர்ந்துபோய் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இறங்கவே இல்லை. வெக்ஸ் என்றால் ஒருத்தரை எரிச்சல்படுத்துவது என்று எனக்குத் தெரியும்.

நாலாம் நாள் வண்டி கடை வாசலில் வந்து நின்றது. அவர் மகள் காலேஜில் படிக்கிறாளாம், பார்த்ததுமே சொல்லிவிட்டாளாம். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் ஸ்டிக்கர் வெட்டுகிற மெஷினுக்குப் பின்னால் போய்விட்டேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏலே, இங்கன வா. என் வீட்டுக்காரி என்ன சொல்லுதா தெரியுமா? ‘இருவது வருசமா வீட்டுல நடக்கதத்தான வண்டியில எழுதி வச்சிருக்கீரு, அது பாட்டுக்கு இருக்கட்டும்’ங்கா.”

கண்ணாடிக் கடைக்காரர்

அதோடு பொய் சொல்வதை விட்டுவிட்டேன். அண்ணாச்சி இல்லாத நேரமாகப் பார்த்து உண்மையைச் சொல்வேன். டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைக்கிறவருக்கு ‘ஹேஸ்’ என்று பேர் அமைந்தது. கூட்டினால் ஒன்பது. போர்டு வாங்க வந்தவரிடம், “சார், மங்கலா மூடாக்கா இருக்கிறதுன்னு அர்த்தம், மாத்திக்கிடுதியளா?” என்றேன். போர்டை ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். அவர் சிரித்தார். “மங்கலாத் தெரியுதவன்தானப்பா என் கடைக்கு வரணும்! ஏத்து வண்டியில.”

எட்டடி போர்டு

கோமதி அக்கா கதை அப்படி இல்லை. பதினாலு வருஷம் இன்னொருத்தர் கம்பெனியில் அப்பளம் உருட்டியவள். இப்போதுதான் சொந்தமாகத் தொடங்குகிறாள், மறுநாள் காலையில் திறப்பு. ஜோசியர் எச்சும் எக்ஸும் கேட்டிருந்தார், நாலெழுத்து, கூட்டினால் ஒன்பது. அண்ணாச்சி ‘ஹோக்ஸ்’ என்பதற்கு டிக் அடித்தார். ‘ஹோக்ஸ் அப்பளம்’. கடைசி எழுத்தை ஒட்டி, கையைத் துடைத்துவிட்டுத்தான் நான் அர்த்தம் பார்த்தேன்.

சாயங்காலம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, அண்ணாச்சி பின்னாலிருந்து சத்தமில்லாமல் வாயசைத்தார்: செ-ழி-ப்பு. எனக்குத் திருப்பூர் பஸ்தான் தெரிந்தது. “ஏமாத்து வேலைன்னு அர்த்தம்க்கா” என்றேன்.

டிரைவர் கயிற்றை விட்டுவிட்டார். அக்கா அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். “எறக்கு. கோமதி அப்பளம்னு தமிழ்ல எழுது. என் பேருக்கு என்ன கொறச்சல்?”

பழைய எழுத்தை நான் உரித்தேன். புதுசை அண்ணாச்சியே வெட்டினார். இருட்டுவதற்குள் வண்டி கிளம்பியது. நாளையிலிருந்து வராதே என்று சொல்லப் போகிறார் என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா வண்டியிலிருந்து தலையை நீட்டினாள். “அண்ணாச்சி, அடுத்த மாசம் அப்பளக் கவருக்குப் படம் போட வருவேன். இந்தப் பய இருந்தாத்தான் வருவேன், பாத்துக்கிடும்.”

கடைசியாக

அப்பாடா என்று இருந்தது. ஆறு மாசமும் தாண்டிவிட்டது, திருப்பூர்ப் பேச்சை அம்மா எடுப்பதில்லை. அன்றைக்குக் கடை அடைக்கும்போது அண்ணாச்சி சொன்னது ஒன்றுதான்: “அந்த டிக்‌ஷனரிய மொதல்ல போன்லேருந்து அழிலே.”

இங்கிலீஷில் பெயிலானவனுக்கு அழிக்கத் தெரியவில்லை என்றே அண்ணாச்சி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.