கண்ணாடிப் பெட்டிக்குப் போன கூறைப் புடவை

அலோர் ஸ்டாரை விட்டுக் கிளம்பும்போது கடிகாரத்தில் ஏழு மணி, வானத்தில் ஐந்தரை. ஜப்பான்காரன் வந்ததும் நம் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருகிவிட்டான். சூரியன் மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. என் சைக்கிளுக்கு டயர் கிடையாது. ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தேன். கம்பி முடிச்சு தரையில் படும்போதெல்லாம் இடுப்பு விண்ணென்று தெறிக்கும். பீடோங் முப்பது கட்டை. எங்கள் ஊரில் கட்டை என்றால் மைல்.

நான் ஜவுளிக்கடை ஆள். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று சொல்லிச் சொல்லியே வியாபாரம் செய்தவன். அப்போது கடையில் விற்கத் துணி இல்லை. அலமாரியில் பல்லிதான் குடியிருந்தது. ஆனாலும் கண்ணை மூடித் தடவியே இது ஆரணி, இது கூறைநாடு என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு பேர். அந்தப் பேர்தான் என்னை மாட்டிவிட்டது. ஊரில் ஒரு பழைய மண்டபத்தைக் காட்சிச்சாலையாக்கி, பழைய கைத்தறித் துணிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். ரப்பர் தோட்டத்து லயங்களில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், தகரப் பெட்டிக்குள் கிடக்கும் புடவைகளில் நல்லதாக ஏழு பொறுக்கிக்கொண்டு வா என்றார் ஜப்பான் அதிகாரி. மறுக்கிற காலமா அது? ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வழியில் குரூணில் ஒரு கறுப்புக் காப்பி, ஜப்பான் நோட்டில் மூன்று வெள்ளி. சீனி கேட்டேன். கடைக்காரர் சிரித்தார், அவ்வளவுதான்.

உச்சி வெயிலில் பீடோங் சேர்ந்தேன். டவுனிலிருந்து இரண்டு கட்டை உள்ளே ஒரு தோட்டம். கங்காணி முனியாண்டி என்னைக் கடைசி லயத்துக்கு அழைத்துப் போனார். பச்சையம்மா என்ற, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண்ணின் வீடு. புருஷனைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா அஞ்சலை காய்ச்சலில் கிடந்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து புடவையை நீட்டியது.

“அக்காவோட கூறைப் பொடவண்ணே. ஊர்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்தது. காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துருவீங்கள்ல?”

“கண்டிப்பா தங்கச்சி. ஒரு மாசம் கண்ணாடிப் பொட்டியில இருக்கும். அப்பறம் நானே கொண்டாறேன்.”

“அவ போறப்ப இதத்தான் போத்தணும்னு சொல்லியிருக்கா லா. அதான் கேட்டேன்.”

“போறதாவது! கஞ்சி வச்சுக் குடு, எந்திரிச்சு ஒக்காந்துருவா.”

சொல்லும்போதே நான் புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டும் நூலும் கலந்த கூறைநாட்டுக் கட்டம், அரக்குச் சிவப்பு. கரையோரம் விரல் நீளக் கிழிசல் ஒன்றை இழை ஓட்டித் தைத்திருந்தது; இருந்தாலும் அப்படியொரு நெசவு! கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறாளே, என்ன அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டே வண்டியை மிதித்தேன்.

மறுநாள் சுங்கை பட்டாணி தாண்டி சிடாம் கிரியில் மூன்று, இன்னும் தெற்கே பாடாங் மேஹாவில் மூன்று. ஏழும் சேர்ந்துவிட்டன. அங்கேயும் கதவுகள் ஒரு சாண்தான் திறந்தன, கைகள்தான் வந்தன. மரமண்டை எனக்கு உறைக்கவேயில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, நான் பிடுங்கியது மட்டுமல்ல, அதற்கு வாயார நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை சுங்கை பட்டாணி ஜப்பான் அலுவலகத்தில் ஏழு புடவைகளையும் எண்ணி, பட்டியல் எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். மதியம் பீடோங்கைத் தாண்டும்போது, தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில் முனியாண்டி வெயிலில் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பெண். அரிசிச் சாக்கில் தலைக்கும் கைகளுக்கும் ஓட்டை போட்டு மாட்டியிருந்தாள். கழுத்தில் சாக்கு அறுத்த சிவப்புத் தடம். குரலைக் கேட்டதும்தான் பச்சையம்மா என்று தெரிந்தது. அன்று அவள் கதவுக்குப் பின்னால் நின்றதன் காரணம் அடக்கம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“அக்கா காலையில போயிட்டாண்ணே. போத்தறதுக்கு ஒண்ணுமில்ல. பொடவையக் குடுங்கண்ணே, கையெடுத்துக் கும்பிடுறேன்.”

புடவை மூட்டை என் பின்கேரியரில் இருந்தது. கை எட்டும் தூரம்.

“பட்டியல்ல எழுதியாச்சும்மா. முத்திரையும் வச்சாச்சு. ஒண்ணு கொறஞ்சா அவன் என்னைத்தான் அடிப்பான்.”

“கெடக்குறது செத்த பொணம்யா,” என்றார் முனியாண்டி. “ஒரு பொடவ தொலஞ்சு போச்சுன்னு சொல்லக்கூடாதா?”

சொல்லியிருக்கலாம். இரண்டு அறை விழுந்திருக்கும். கன்னம் ஒரு வாரம் வீங்கியிருக்கும். அவ்வளவுதானே? நான் என் தோள் துண்டை எடுத்து நீட்டினேன். பச்சையம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இது முகத்துக்குத்தாண்ணே காணும்” என்று சொல்லி, அதையும் வாங்கிக்கொண்டுதான் போனாள். அஞ்சலையைச் சாக்கில் சுற்றி, முகத்தில் என் துண்டைப் போட்டு அடக்கம் செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் இருந்து பார்க்கவில்லை. இருட்டுமுன் ஊர் சேர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் மண்டபத்தில் அதிகாரி ஏழையும் மேசையில் விரித்தார். கூறைப் புடவையின் கரையில் அவர் விரல் நின்றது. தையல் போட்ட இடம். உதட்டைப் பிதுக்கி அதை ஓரமாகத் தள்ளினார். “இது வேண்டாமாம். ஆறு போதுமாம்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். ஒன்று குறைந்ததற்கு யாரும் யாரையும் அடிக்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மண்டபத்தைக் கூட்டுகிறவர் அந்தப் புடவையை நனைத்துப் பிழிந்து கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிடுங்கிக்கொண்டு வந்து வீட்டில் அலசிக் காயப்போட்டேன்.

எட்டாம் நாள் மறுபடியும் முப்பது கட்டை மிதித்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று குரூண்வரை வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பச்சையம்மா இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் ஒளியவில்லை; சாக்கோடு வாசலுக்கே வந்தாள். புடவையை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

“ஒரு மாசம்னீங்களே, அதுக்குள்ள முடிஞ்சிருச்சாண்ணே?”

“ம்... முடிஞ்சிருச்சு.”

“கண்ணாடிப் பொட்டியில வச்சாங்களா?”

என் வாய் திறந்தது. உண்மை வரும் என்றுதான் நானும் நினைத்தேன்.

“நடு மண்டபத்துல வச்சாங்க தங்கச்சி. பெரிய துவானுங்கல்லாம் வந்து நின்னு பாத்தாங்க.”

அவள் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. லயத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: “இங்க வாங்கடி! எங்கக்கா பொடவையத் தொரைங்கல்லாம் பாத்தாங்களாம்!” சாக்குச் சட்டைகளில் ஆறேழு பெண்கள் வந்து, ஒவ்வொருவராகக் கரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். “மண்ணுக்குள்ள போட்டிருந்தா யாரு பாத்திருப்பா? நீங்க அன்னிக்குக் குடுக்காததும் நல்லதாப் போச்சுண்ணே,” என்றாள் பச்சையம்மா.

உள்ளே போய் ஒரு மரவள்ளிக் கிழங்கை இலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அவள் அடுப்பில் இருந்தது அவ்வளவுதான். நான் அதைத் தின்றேன்.