முகாம் முகாமாய்ப் போன கதைப்புத்தகப் பெட்டி

பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் தெரிவு செய்து கொடுக்கிற வேலையில் ஆகப் பெரிய தொல்லை பிள்ளைகள் அல்ல. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் ஒருவரும் எங்கள் வாவிக்கரையில் ஒரு மாதமாவது குடியிருக்கவில்லை என்பதுதான். வகுப்பறையிலோ வீட்டுப் பாயிலோ ஆசையாய் ஒரு புத்தகத்தை விரித்து, இரண்டாம் பக்கத்திலேயே வாயடைத்துப் போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு விளங்காது.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. சுனாமிக்குப் பிறகு புளியந்தீவிலிருந்த ஒரு உதவி நிறுவனத்தின் கந்தோர் என்னிடம் ஒரு றங்குப்பெட்டியைத் தந்து, பள்ளிக்கூடங்களுக்கும் முகாம்களுக்கும் போய்க் கதை வாசித்துக் காட்டச் சொன்னது. அக்காவைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவளுடைய மகள் தனு என்னோடு இருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அதுவரை அவளுக்குக் கதை வாசித்துக் காட்டியது அக்காதான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாசிக்கிற நான், இந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஒரே ஒரு புத்தகத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பனி பெய்கிற ஊர்

பெட்டியில் வந்த முதல் புத்தகங்கள் எந்த நாட்டுப் பாஷையில் இருந்தன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எல்லாம் பளபளப்பான தாள். பக்கத்துக்குப் பக்கம் பனி. கம்பளித் தொப்பி போட்ட பிள்ளைகள் பனிக்கட்டியை உருட்டி ஆள் செய்துகொண்டிருந்தார்கள். தன்னாமுனை முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வெக்கை ஆளை அவித்தது. கந்தோரிலிருந்து வந்தவர், பிள்ளைகள் புத்தகத்தைப் பிடித்தபடி சிரிக்க வேண்டும், தான் படம் எடுக்க வேண்டும் என்று நின்றார்.

எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, படத்தைப் பார்த்து நானே ஒரு கதை கட்டிச் சொன்னேன். பிள்ளைகள் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி வந்து, என் தோளுக்கு மேலால் அந்தப் பனிமலையைக் கனநேரம் பார்த்தார். கடலோடு தோணியும் போய், ஐஸ் போடும் இடமும் போய், பிடிக்கிற கொஞ்ச மீனும் மத்தியானத்துக்கிடையில் நாறிப்போகிற காலம் அது. பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இந்த ஊர்ல மீன் பழுதாப் போகாது என்ன, டீச்சர்?"

எடுத்துப் போட்டவை

பிறகு தமிழ்ப் புத்தகங்கள் வந்தன. எனக்கு ஒரே சந்தோசம். அது ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. கொழும்பிலிருந்து பயிற்சி தர வந்த அம்மணி, கடல் வருகிற புத்தகம் ஒன்றும் பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாது என்றார். எடுத்துப் போட்டோம். தாயை இழந்த பிள்ளைகள் இருப்பதால் அம்மா வருகிற புத்தகமும் வேண்டாம் என்றார். எடுத்துப் போட்டோம். கூடாரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வீட்டுப் படத்தைக் காட்டி ஏங்க வைக்கக்கூடாது என்று இன்னொருவர் சொன்னார். அதையும் எடுத்தோம். உள்ளுக்குள் எரிந்தாலும், தனு படுகிற பாட்டைப் பார்த்த நானும் சேர்ந்தே எடுத்துப் போட்டேன்.

கடைசியில் முயல், மாம்பழம், யானைக் கதைகள்தான் மிஞ்சின. கரும்பைப் பங்கு போட்டுத் தின்கிற நல்ல யானை. கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர்தானே என்று அதைச் சித்தாண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். அட்டையைத் தூக்கிக் காட்டினேன். முன்வரிசைப் பிள்ளை வீரிட்டு அழுதது. அதைப் பார்த்து மற்றதுகளும் அழுதன. முதல்நாள்தான் வயல் வட்டைக்குள் யானை இறங்கி, கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவத்துப் பயிரை மிதித்து, காவலுக்கு இருந்த ஒருவரையும் அடித்துப் போட்டிருந்ததாம். அதிபர் ஓடி வந்து பிள்ளைகளைச் சமாதானப்படுத்தினார். என்னைக் கோபிக்கவில்லை. வாசல் வரை கூட்டி வந்து தணிந்த குரலில் சொன்னார்: "அடுத்த முற எறும்புக் கத ஏதும் இரிந்தாக் கொண்டு வாங்க, டீச்சர்."

வீட்டில் நடந்தது

இந்த இலட்சணத்தில்தான் தனுவுக்கும் வாசிக்கப் பார்த்தேன். பின்னேரம் பாயை விரித்து, அவளை இருத்தி, புத்தகத்தைத் திறப்பேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு முதல் பக்கத்தைப் பார்ப்பாள். மூடித் தந்துவிட்டு எழும்பிப் போவாள். முயல் கதைக்கும் இதே கதிதான், மாம்பழக் கதைக்கும் இதே கதிதான். குரங்கு மாதிரிக் குரல் மாற்றிப் பார்த்தேன், இனிப்புக் கொடுத்துப் பார்த்தேன். ஊரெல்லாம் வாசித்துக் காட்டுகிற டீச்சர் என்ற பெருமை எனக்கு அந்தப் பாயிலேயே கழன்று போனது.

ஒருநாள் பொறுமை இழந்து, "அப்படி என்னத்தைத் தேடுறாய் புள்ள?" என்று அதட்டினேன். அவள் அழவில்லை. பெரிய மனுசி மாதிரி என்னிடம் விசாரித்தாள்: "மொதல் பக்கத்துல இரிந்த ஆக்கள் எல்லாரும் கடசிப் பக்கத்திலயும் இரிக்காங்களா, சின்னம்மா?"

பத்திரமாய் வந்த புத்தகம்

வாகரைப் பக்கம் சண்டை மூண்டு சனம் ஓடி வந்தபோது, முகாம்கள் திரும்பவும் நிரம்பின. எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அடையாள அட்டை, குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் சுற்றி, வாசலுக்குக் கிட்டத் தொங்க விட்டிருப்போம். செல் குண்டு விழுந்தால் முதலில் பிள்ளையைத் தூக்குவோம், அடுத்து அந்தப் பையை.

ஒரு தாய் அந்தப் பையை என் முன்னால் அவிழ்த்தாள். அட்டைகளுக்கு நடுவில், பொலித்தீனில் சுற்றிய ஒரு கதைப்புத்தகம். முந்தின வருடம் நான் அவர்கள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த எங்கள் பெட்டிப் புத்தகந்தான். ஒரு மடிப்புக்கூட விழாமல் புத்தம் புதிதாய் இருந்தது. மகள் வாசிக்கவில்லையா என்று கேட்டேன். தொடவே விடவில்லையாம். அது அரசாங்கச் சாமான், கிழிந்தால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த மகள் பக்கத்தில் நின்று அட்டைப் படத்தை விழுங்குவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தாயோ நல்ல பெயர் வாங்கப் போகிற முகத்தோடு புத்தகத்தை நீட்டினாள்: "சட்டி பானையெல்லாம் உட்டுட்டு வந்தன் டீச்சர், கவுண்மேந்துச் சாமான மட்டும் உடல்ல."

சோதனை

பெட்டியோடு போகிற எனக்குச் சோதனைச் சாவடிகள் எல்லாம் சொந்த வீடு மாதிரி. எல்லாப் புத்தகத்தையும் வெளியே எடுத்து அடுக்கி, திரும்ப உள்ளே அடுக்க வேண்டும். ஒருநாள் மழையில் ஒரு இளம் ஆமிக்காரன் ஒவ்வொன்றாய்ப் புரட்டினான். தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் படத்தை விடாமல் பார்த்தான். "இதில ஆமி இருக்கா?" என்றான். இல்லை என்றேன். "புலி?" இல்லை. உண்மையாகவே ஒரு காட்டுப் புலி வருகிற புத்தகம் இருந்தது. நல்ல காலம், அதைப் பயத்தில் நானே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அவன் புத்தகத்தை மூடித் தந்தான்: "அப்ப நல்ல புத்தகம், போ."

கேட்க முடியாத கேள்வி

யுத்தம் முடிந்தது என்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். சமாதானப் புறாப் போட்ட புத்தகங்கள் கட்டுக்கட்டாய் வந்து இறங்கின. அவற்றை ஏற்றிக்கொண்டு போன ஒரு பள்ளிக்கூடத்தில், வகுப்பு முடியும்வரை ஒரு தாய் புத்தகம் கேட்டு மாமரத்தடியில் காத்திருந்தார். எந்த வகுப்புப் பிள்ளைக்கு என்று கேட்டேன். பிள்ளை இப்போது இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் இயக்கத்துக்காகச் சண்டை பிடிக்கவென்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அவன் இன்னும் வரவில்லை என்றார். ஐந்தாம் ஆண்டோடு படிப்பு நின்றதாம். அவன் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஏற்ற மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

இருந்தால் இப்போது மீசை முளைத்த ஆளாக இருப்பான். நான் என்னத்தைத் தெரிவு செய்ய? பெட்டியை அடிவரை கிளறி, தோணி செய்கிற ஒரு பொடியனின் கதையைக் கொடுத்தேன். சேலைத் தலைப்பால் அட்டையைத் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனவர் திரும்பி வந்தார். "எப்ப திருப்பித் தாறதெண்டு மட்டும் கேக்காதீங்க, டீச்சர்."

கடைசிவரை வாசித்த புத்தகம்

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்தவள், அப்படியே நிலத்தில் இருந்து அழுதேன். அந்தத் தாய்க்காகவா, அக்காவுக்காகவா, எனக்காகவா என்று தெரியாது. போதும், இந்த வேலை போதும் என்று வாய்விட்டுச் சொன்னதாக நினைவு. தனு முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு எட்டுக்கோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நன்றாக வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடப் பாடங்களைத் தானே வாசிப்பாள், கதைப்புத்தகம் மட்டும் என்னிடமிருந்து வாங்கமாட்டாள். நானும் கேட்பதை விட்டு எவ்வளவோ காலம்.

அவள் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்து, மெல்லிய புத்தகம் ஒன்றைத் தெரிவு செய்து, என் மடியில் வைத்து, பக்கத்தில் இருந்தாள். "வாசிங்க" என்றாள். அழுதபடியே வாசித்தேன். ஒரு பக்கத்தையும் அவள் முந்திப் பார்க்கவில்லை. தோளில் சாய்ந்தாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், படத்தை விரலால் தொட்டாள். கடைசிப் பக்கமும் வந்து முடிந்தது. இத்தனை வருடமாய் நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். முற்றத்தில் பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் என் முகத்தைத் திருப்பி, கன்னத்தைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப அழுக நிண்டுட்டா, சின்னம்மா? நான் விளையாடப் போகட்டா?"

இவ்வளவு கால உத்தியோகத்தில், சரியான ஆளுக்குச் சரியான புத்தகம் தெரிவு செய்யப்பட்டது அந்த ஒரு தடவைதான், அதையும் செய்தது நானில்லை.