சிலைக்கு நின்ற அக்கா

ஹட்டனிலிருந்து நோர்வூட் பக்கம் போகும் பஸ்ஸில் எங்கள் டவுனுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் டவுனின் பெயரைச் சொல்வதில்லை. "செலகிட்ட எறக்கிவிடுங்க" என்பார்கள். சந்தியின் நடுவே, முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நிற்கிற சிமெந்துப் பெண் அது. அதற்கு மாதிரியாக நின்றவள் என் அக்கா.

அந்த இடத்தில் முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரையின் மார்பளவுச் சிலை இருந்தது. எந்தத் தோட்டத்துத் துரை என்று எங்கள் காலத்தில் யாருக்கும் தெரியாது. மூக்கு உடைந்து, காக்கை உட்காரும் கல்லாக இருந்தது. ஒரு மழைக்காலத்தில் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து அதையும் கொண்டுபோனது. துரை திரும்ப வேண்டாம், காடாகக் கிடந்த மலையைத் தோட்டமாக்கிய நம்முடைய பெண்களில் ஒருத்தியை நிறுத்துவோம் என்று கடைக்காரர்களும் தோட்டத் தலைவர்மாரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்.

சிலை செய்ய வந்தவர் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர். நான் அப்போதுதான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். எனக்குச் சிங்களம் வரும் என்பதால் அவரோடு என்னை மலைக்கு அனுப்பினார்கள். மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை, முகம் கழுவிப் பவுடர் போட்ட குமரிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். சிற்பி அவர்களைத் தாண்டிப் பார்த்தார். அடுத்த நிரையில் தலை நிமிராமல் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அக்காவைக் காட்டி, "அவங்கதான்" என்றார்.

அக்காவின் கணவர் இறந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. ஒரே மகள். "எங்க, என்னயப் போயி..." என்று பின்வாங்கினாள். நான்தான் சம்மதிக்கவைத்தேன். கூடை போய்ச் சாக்கு வந்துவிட்ட காலம் அது. பக்கத்து லயத்து வீட்டில் கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூட வைத்திருந்த பழைய கூடையை இரவல் வாங்கிக் கழுவினோம். அப்படியும் வாடை போகவில்லை.

பின்னேரங்களில் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அக்கா நின்றாள். கொஞ்ச நேரத்துக்கொரு தரம் முகம் வலப்பக்கம் திரும்பிவிடும். நேரே பார்க்கச் சொல்லுங்கள் என்றார் சிற்பி. சொன்னேன்.

"புள்ள பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம். ரோட்டப் பாக்காம எப்புடி நிக்கிறது?" என்றாள்.

அதைச் சிங்களத்தில் சொன்னதும் அவர் கையிலிருந்த களிமண்ணைப் பிசைந்தபடி தானும் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, அப்படியே இருக்கட்டும் என்றார்.

திறப்பு விழாவில் பேசியவர், இந்தத் தாய் நம் சமூகத்தின் விடியலை நோக்கி நிற்கிறாள் என்றார். கூட்டத்துக்குள் நின்ற அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இப்போது யோசித்தால், அவர் சொன்னதும் முழுக்கப் பிழையில்லை என்று தோன்றுகிறது.

அடுத்த வருசம் அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தோட்டத்தில் இருந்துகொண்டு மகளைப் படிக்கவைக்க முடியாது என்ற பயம். மகள் என்னோடு வளர்ந்தாள். தாய் போன் எடுத்தால் "ம்", "சரி" என்பதோடு நின்றுவிடுவாள். ஆனால் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சிலையடிக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லுவாள். கணக்குச் சோதனை நல்லா எழுதினேன், சித்தி நேத்து ஏசினாங்க, இப்படி. நான் காது கேட்காதவள்போல நிற்பேன்.

அந்த வருசங்களில் சிலையும் வேறாகிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது என்று யாரோ ஒருத்தி காலில் குங்குமம் வைத்தாள். பிறகு மாலை, சூடம். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பத்து டீச்சர்கள்கூட மகளிர் தினத்துக்குப் பூ கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் அக்காவுக்குப் போனில் சொன்னேன்.

"பாத்து, எங் காலச் சுட்டுறப் போறாங்க" என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது மகள் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். விமான நிலையத்திலிருந்து வந்த வேன் சிலையடியில் நின்றது. இறங்கியவளுக்கு முன்தலை நரைத்து, கன்னம் ஒட்டியிருந்தது. மகள் ஓடிப் போகவில்லை. சிலையை ஒருதரம், தாயை ஒருதரம் பார்த்தாள்.

"என்ன, அது மாதிரி இல்லையா நான்?"

"நீங்க பேசுறீங்கல்ல" என்று சொல்லி மகள் பையை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

போன மாதம் சிலைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள். நானும் அக்காவும் ஹட்டனுக்குப் போய்விட்டு வருகிறோம். பஸ் சந்திக்கு வந்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். சிலையின் முகம் ரோஸ் நிறத்தில், விளம்பரத்துப் பெண்போல மினுங்கியது. இறங்கி நேராக ஏணியடிக்குப் போனாள். பெயின்ட் அடித்தவன் டயகமப் பக்கத்துப் பையன்.

"தம்பி, இந்தக் கலர்ல யாரு கொழுந்தெடுக்குறா?"

"இதத்தான் வாங்கிக் குடுத்தாங்க. நீங்க யாருங்க?"

தான்தான் அது என்று சொல்லுவாள் என நினைத்தேன். சொல்லவில்லை.

"கொழுந்தெடுத்தவதான்" என்றாள்.

சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி, கையை நீட்டினாள். பையன் என்னைப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து மண்ணிறமும் கறுப்புமாகக் கலக்கி, ஒரு பலகைத் துண்டில் பூசி, அவள் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். இன்னும் கலக்கினான். தூறல் போட ஆரம்பித்ததால் நான் மூன்று பேருக்குமாகக் குடையை விரித்தேன்.

"காஞ்சா இன்னுங் கொஞ்சம் கறுக்குங்க" என்றான்.

"கறுக்கட்டும்" என்றாள் அக்கா.

தூறல் விட்டதும் அவன் மேலே ஏறி, கன்னத்திலிருந்து பூசத் தொடங்கினான். தோட்டத்துக்குப் போகும் பஸ் வரும் வரை அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.